அம்மம்மாவோடு ஜீ.பி.யிடம் போன பிள்ளைகளுக்கு

ஒக்டோபர் 15, மாலை ஆறு மணி. பிரிட்டனில் மருத்துவம் படிக்க விண்ணப்பிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்தத் திகதி எல்லோருக்கும் மனப்பாடம். பல்கலைக்கழக அனுமதிக்கான யூகாஸ் விண்ணப்பம் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். நான்கே நான்கு மருத்துவக் கல்லூரிகளைத்தான் தெரிவு செய்யலாம். மருத்துவ அனுமதிக்கான யூகேட் பரீட்சை அதற்கு முன்பே முடிந்திருக்கும். அதன்பிறகு காத்திருப்பு. நவம்பர் பிறந்ததும் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கும்.

"அக்கா, பிள்ளைக்கு இன்டர்வியூ வந்திருக்கு. ஒருக்காக் கூப்பிட்டுக் கதைச்சு விடுறீங்களோ? என்ன கேப்பினம், என்ன சொல்லோணும் எண்டு ஒரு லிஸ்ட் தந்தாலும் காணும்."

நான் லண்டனில் குடும்ப வைத்தியராக, அதாவது ஜீ.பி.யாக, வேலை செய்கிறேன். தெரிந்தவர்களின் பிள்ளைகளோடு ஒவ்வொரு குளிர்காலமும் உட்கார்ந்து நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அந்த லிஸ்ட் என்னிடம் இல்லை. இருந்தாலும் கொடுக்க மாட்டேன். கொடுத்தால் பிள்ளை அதைப் பாடமாக்கும். பாடமாக்கிய பதில் எதிரில் இருப்பவருக்கு அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். அதற்குப் பதிலாக நான் சொல்ல விரும்புவது ஒன்று இருக்கிறது. இந்தத் தேர்வுக்கு வேண்டிய அனுபவம் எங்கள் பிள்ளைகள் பலரிடம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. அது வீட்டுக்குள்ளேயே கிடைத்ததால் அவர்கள் அதைக் கணக்கில் எடுப்பதில்லை, நாங்களும் எடுப்பதில்லை. தொலைபேசியில் அரைகுறையாகச் சொல்வதை இங்கே முழுதாக எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்த அறைகள்

பிரிட்டனின் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் இப்போது எம்.எம்.ஐ. என்ற முறையில்தான் நேர்முகத் தேர்வை நடத்துகின்றன. ஒரே நீண்ட நேர்காணலுக்குப் பதிலாகச் சின்னச் சின்ன நேர்காணல்கள் வரிசையாக நடக்கும். ஒவ்வொன்றையும் ஸ்டேஷன் என்பார்கள். பொதுவாக ஆறு முதல் பத்து ஸ்டேஷன்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து முதல் எட்டு நிமிடம். கதவுக்கு வெளியே ஒரு தாளில் சூழ்நிலை எழுதியிருக்கும். அதை வாசிக்க ஒன்றிரண்டு நிமிடம் தருவார்கள். மணி அடித்ததும் உள்ளே போக வேண்டும். உள்ளே ஒரு பரீட்சகர் இருப்பார், சில அறைகளில் ஒரு நடிகரும் இருப்பார். மறுபடி மணி அடித்தால் அடுத்த கதவு. இணையவழி நடத்தும் கல்லூரிகளில் கதவு மாறும் இடத்தில் திரை மாறும்.

இந்த முறை கனடாவின் ஹமில்டன் நகரில் உள்ள மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவானது. கெவின் ஈவாவும் அவருடைய சகாக்களும் 2004இல் அதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதற்கு முன்மாதிரியாக இருந்தது ஸ்கொட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் 1975இல் அறிமுகப்படுத்திய ஓஸ்கி தேர்வு. மருத்துவ மாணவர்களின் செய்முறைத் திறனைப் பல மேசைகளில் பகுதி பகுதியாகச் சோதிக்கும் தேர்வு அது. பழைய முறையில் இரண்டு மூன்று பேர் ஒரு பிள்ளையை அரை மணி நேரம் கேள்வி கேட்பார்கள். முதல் இரண்டு நிமிடத்தில் விழும் அபிப்பிராயம் மிச்ச நேரம் முழுவதையும் ஆட்டிவைக்கும். தவிர, ஒரு சூழ்நிலையை நன்றாகக் கையாளும் ஆள் இன்னொரு சூழ்நிலையிலும் அப்படியே இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆகவே பல சூழ்நிலைகளைக் கொடுத்துப் பல கண்களால் பார்ப்பது நியாயமானது என்று மக்மாஸ்டரில் யோசித்தார்கள்.

இந்தக் காரணம் பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் பயம் பாதி குறையும். ஒரு அறையில் சொதப்பினால் அது அந்த அறையோடு போயிற்று. அடுத்த அறையில் இருப்பவருக்கு நீங்கள் புது ஆள். ஆனால் அப்படி உதறிவிட்டு நடப்பது தானாக வராது, பழக வேண்டும். நான் பயிற்சி கொடுக்கும்போது ஒரு கேள்வி முடிந்ததும் நல்லது கெட்டது எதுவும் சொல்ல மாட்டேன். உடனே அடுத்ததைத் தொடங்கிவிடுவேன். கருத்து எல்லாம் கடைசியில்தான். பெற்றோரும் வீட்டில் இப்படியே செய்து பார்க்கலாம்.

ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டும் வேறு வழியில் போகின்றன. அங்கே ஆசிரியர்கள் ஒரு வரைபடத்தையோ உயிரியல் புதிரையோ முன்னால் வைத்து, பிள்ளை எப்படி யோசிக்கிறது என்று பார்ப்பார்கள். அங்கே செய்ய வேண்டியது யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போவதும், அவர்கள் ஒரு குறிப்புக் கொடுத்தால் அதைப் பிடித்துக்கொண்டு மேலே நகர்வதும்தான்.

"ஏன் டொக்டர்?"

"எனக்கு விஞ்ஞானம் பிடிக்கும், மற்றவர்களுக்கு உதவவும் விருப்பம்" என்பது அதிகமாகக் காதில் விழும் பதில். இரண்டும் உண்மைதான். ஆனால் தாதி, மருந்தாளர், இயன்மருத்துவர் யாரைக் கேட்டாலும் அதையே சொல்வார்கள். "அப்படியென்றால் ஏன் தாதியாகப் போகவில்லை?" என்று பரீட்சகர் அடுத்துக் கேட்பார். தாதியரைக் குறைத்துப் பேசும் தொனி ஒரு துளி இருந்தாலும் அந்த அறையில் மதிப்பெண் போய்விடும்.

இதற்கு விடை நீங்கள் நேரில் பார்த்த ஏதாவது ஒன்றில் இருந்து வர வேண்டும். எல்லாத் தகவலும் கையில் இல்லாத நேரத்தில் ஒரு டொக்டர் முடிவெடுப்பதையும், அந்த முடிவின் பாரத்தைத் தன் பெயரில் ஏற்பதையும் எங்கேயாவது கண்டிருந்தால் அதைச் சொல்லுங்கள். அதைக் கண்டபோது உங்களை ஈர்த்தது எது, பயமுறுத்தியது எது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வீட்டாரின் ஆசை பற்றிக் கேட்டால் ஒளிக்க வேண்டாம். "வீட்டில் விருப்பம் இருந்தது. பிறகு நானே போய்ப் பார்த்து என் முடிவை எடுத்தேன்" என்று சொல்வதில் ஒரு குறையும் இல்லை. அந்த இரண்டாவது வசனம் உண்மையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டுக்குள் கிடைத்த அனுபவம்

ஒவ்வொரு குளிர்காலமும் ஏதோ ஒரு வடிவில் இந்த உரையாடல் எனக்கு நடக்கிறது.

"வேர்க் எக்ஸ்பீரியன்ஸ் என்ன செய்தனீங்கள்?"

"பெரிசா ஒண்டும் இல்லை அன்ரி. எங்களுக்கு ஹொஸ்பிட்டல்ல ஒருத்தரையும் தெரியாது. சனிக்கிழமைகளில ஒரு சரிட்டி கடையில நிண்டனான்."

"வீட்டில ஆர் ஆர் இருக்கினம்?"

"அம்மா, அப்பா, தம்பி, அம்மம்மா."

"அம்மம்மாவை ஜீ.பி.யிட்ட ஆர் கூட்டிக்கொண்டு போறது?"

"நான்தான். அம்மா வேலைக்குப் போயிடுவா. அம்மம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. சின்னனில இருந்தே நான்தான் பக்கத்தில இருந்து சொல்லிக்குடுக்கிறது."

இந்தப் பிள்ளைதான் "ஒண்டும் இல்லை" என்று தொடங்கியது! பிரிட்டனின் மருத்துவக் கல்லூரிகள் சபை தன் வழிகாட்டலில் தெளிவாகவே சொல்கிறது: ஆஸ்பத்திரியில் டொக்டர் பின்னால் நடந்தால்தான் அனுபவம் என்று இல்லை. உறவினரைப் பராமரிப்பதும், மனிதர்களோடு பழகும் பகுதிநேர வேலையும், தொண்டு வேலையும் எல்லாமே கணக்கில் வரும். ஆஸ்பத்திரியில் ஆள் தெரியாத குடும்பங்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

ஆனால் "அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன்" என்று சொல்லி நிறுத்தினால் அது வெறும் தகவல். அந்த அறையில் என்ன நடந்தது என்று யோசிக்கச் சொல்வேன். டொக்டர் யாருடைய முகத்தைப் பார்த்துப் பேசினார்? பெரும்பாலும் உங்கள் முகத்தை. அப்போது நோயாளி எங்கே போனார்? அம்மம்மா உங்களிடம் சொல்லக் கூச்சப்பட்டு விட்டுவிட்ட விஷயம் ஏதும் உண்டா? சலம் போவதில் உள்ள பிரச்சினை, இரவில் வரும் அழுகை, ஊரில் இழந்தவர்களின் நினைவு? பேரப்பிள்ளையின் முன்னால் இவற்றையெல்லாம் எந்த அம்மம்மாவும் லேசில் சொல்ல மாட்டா. டொக்டர் சொன்னதில் ஏதாவது ஒன்றை, அவ பயந்துவிடுவா என்று நீங்களே குறைத்துச் சொன்னீர்களா? அப்போது உங்களுக்கு என்ன வயது?

இந்த இடத்தில் பிள்ளைகள் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு கதைக்கத் தொடங்குவார்கள். அந்தக் கதைதான் நேர்முகத் தேர்வுக்குரியது. பிரிட்டனின் பொதுச் சுகாதார சேவையான என்.எச்.எஸ். நோயாளிக்குப் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கொடுக்க வேண்டும், பிள்ளைகளை அந்த வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது வழிகாட்டல். ஏன் அப்படி ஒரு வழிகாட்டல் என்று புத்தகத்தில் வாசித்த பிள்ளை மூன்று காரணம் சொல்லும்: தகவல் பிழைக்கலாம், அந்தரங்கம் போய்விடும், பிள்ளை தாங்கக் கூடாததைத் தாங்க வேண்டிவரும். அம்மம்மாவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்த பிள்ளை அதே மூன்றையும் தன் வாழ்க்கையில் இருந்து சொல்லும். தொடர்பாடல், இரகசியம் காத்தல், நோயாளியை மையமாக வைப்பது, மொழி தெரியாதவருக்குக் கிடைக்கும் மருத்துவத்தில் உள்ள சமமின்மை என்று நான்கு ஸ்டேஷன்களுக்கு உரிய சிந்தனை அந்த ஒரே அனுபவத்துக்குள் இருக்கிறது.

சொல்லும் முறைக்கு ஒரு ஒழுங்கு போதும். என்ன நடந்தது, அப்போது என்ன நினைத்தேன், இப்போது என்ன நினைக்கிறேன், டொக்டரானால் எதை வேறுவிதமாகச் செய்வேன். ஒன்றரை நிமிடத்துக்குள் சொல்லி முடியுங்கள். மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும்தான் அதிக நேரம் கொடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, அனுபவத்தை அதன் அளவிலேயே வையுங்கள். மாத்திரை எடுத்துக் கொடுத்ததை "நீரிழிவு முகாமைத்துவம்" என்று ஊதிப் பெருப்பித்தால் அடுத்த கேள்வியில் அது உடையும். இரண்டு, அம்மம்மாவின் நோயைப் பற்றிப் பேச அம்மம்மாவிடம் அனுமதி கேளுங்கள். அவ "சொல்லு பிள்ளை" என்றால் சொல்லுங்கள். விருப்பமில்லை என்றால் நோயின் விபரத்தை விட்டுவிட்டு உங்கள் பங்கை மட்டும் சொல்லுங்கள். இரகசியம் காப்பதை மருத்துவக் கல்லூரிக்குப் போகும் முன்பே செய்து பழகியவர் நீங்கள்.

இதே போல அப்பாவின் கடையில் நின்று கோபக்கார வாடிக்கையாளரைச் சமாளித்ததும், தமிழ்ப் பள்ளியில் எழுத்துக்கூட்ட முடியாத சின்னப் பிள்ளையோடு பொறுமையாக இருந்ததும், கோயில் அன்னதானத்தில் பத்துப் பேரோடு சேர்ந்து வேலை செய்ததும் அனுபவங்கள்தான். ஒன்றும் கூச்சப்பட வேண்டியதில்லை.

"அப்பாவுக்குச் சொல்லாதையுங்கோ"

மருத்துவ அறம் பற்றிய ஸ்டேஷன் கட்டாயம் ஒன்றாவது இருக்கும். நோயாளியின் சுயவிருப்பு, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி என்று நான்கு கோட்பாடுகளைப் பிள்ளைகள் பாடமாக்கி வருவார்கள். பீச்சமும் சில்ட்ரஸும் 1979இல் எழுதிய நூலில் இருந்து பரவிய சட்டகம் அது. நல்ல சட்டகம். ஆனால் நான்கின் பெயரையும் ஒப்புவிப்பதைப் பரீட்சகர் காலையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார். அவற்றைப் பயன்படுத்திக் காட்ட வேண்டும்.

நான் வைக்கும் சூழ்நிலை இது. முதியவர் ஒருவருக்குப் புற்றுநோய் என்று முடிவு வந்திருக்கிறது. மகன் உங்களை அறைக்கு வெளியே மறிக்கிறார். "என்ன வந்தாலும் அப்பாவுக்குச் சொல்லாதையுங்கோ. கேட்டா மனசு உடைஞ்சு போயிடுவார்" என்கிறார். என்ன செய்வீர்கள்?

அவசரப் பதில்கள் இரண்டு வரும். "சட்டப்படி சொல்லியே ஆக வேண்டும்" என்று ஒரு பிள்ளை; "குடும்பத்தின் விருப்பத்தை மதிப்பேன்" என்று இன்னொரு பிள்ளை. இரண்டிலும் மனிதர்கள் இல்லை. மெதுவாகப் போங்கள். முதலில் மகனிடம் அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று கேளுங்கள். அவர் கேட்பது அன்பினால்தான். அந்தப் பயத்தைக் காதுகொடுத்துக் கேட்டாலே பாதி இறுக்கம் தளரும். ஆனால் தகவல் அப்பாவுடையது. 2005இன் மனக்கொள்திறன் சட்டப்படி, வளர்ந்த ஒருவருக்குத் தன் முடிவைத் தானே எடுக்கும் திறன் இருக்கிறது என்றே தொடங்க வேண்டும். அப்பாவின் சம்மதம் இல்லாமல் மகனிடம் பரிசோதனை முடிவைப் பேசவும் முடியாது. பலர் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை.

பிறகு அப்பாவிடம் போய், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார், யார் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவரையே கேட்கலாம். "எல்லாத்தையும் மகனோட கதையுங்கோ" என்று அவர் சொன்னால் அதுவும் அவருடைய உரிமைதான். "எனக்கு என்ன வருத்தம்?" என்று நேராகக் கேட்டால் பொய் சொல்ல முடியாது. மூத்த மருத்துவரோடு ஆலோசிப்பேன் என்பதையும் சொல்லுங்கள். ஆனால் அதை உங்கள் முதல் வசனமாக வைத்துத் தப்பிக்க வேண்டாம்.

இதற்குப் பின்னால் உள்ள ஒரு வழக்கையாவது தெரிந்து வைத்திருப்பது நல்லது. 2015இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் மொண்ட்கொமரி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. நீரிழிவு உள்ள ஒரு தாய்க்கு, பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து 9 முதல் 10 சதவீதம் வரை இருந்தது. அது அவருக்குச் சொல்லப்படவில்லை. குழந்தை பெரும் பாதிப்போடு பிறந்தது. நோயாளியின் இடத்தில் இருக்கும் ஒருவர் முக்கியமாகக் கருதக்கூடிய ஆபத்தை வைத்தியர் சொல்லியே ஆக வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதினாறு வயதுக்குக் குறைந்தவர்கள் தாமே சம்மதம் தரலாமா என்ற கேள்விக்கு 1985இன் கில்லிக் வழக்கை வாசியுங்கள். வழக்கின் பெயரைச் சொன்னதற்காக மதிப்பெண் வராது. ஏன் அப்படித் தீர்ப்பானது என்று புரிந்திருந்தால் யோசனை தெளிவாக வரும்.

மறுபடி அந்தச் சூழ்நிலைக்கு வந்தால், மகனின் மனசு எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். இப்படி நோயை மறைக்கும் பேச்சு பல வீடுகளில் நடந்திருக்கிறது. அந்த மகனைக் குற்றவாளியாக்காமல், அப்பாவின் உரிமையையும் விட்டுக்கொடுக்காமல் பேசக்கூடிய இடத்தில் அவர்கள் நிற்கிறார்கள்.

நடிகர் இருக்கும் அறை

பழைய உதாரணம் ஒன்று: காரைப் பின்னால் எடுக்கும்போது பக்கத்து வீட்டுக்காரரின் பூனை அடிபட்டுச் செத்துவிட்டது. அவரிடம் போய்ச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரராக ஒரு நடிகர் இருப்பார்.

பிள்ளைகள் பெரும்பாலும் சுற்றி வளைப்பார்கள். அல்லது சொல்லிவிட்டு உடனே "வேற பூனை வாங்கித் தாறன்" என்பார்கள். உட்காருங்கள். கெட்ட செய்தி ஒன்று சொல்ல வந்திருக்கிறேன் என்று தொடங்கி, தெளிவான சொல்லில் சொல்லுங்கள். மன்னிப்புக் கேளுங்கள். பிறகு பேசாமல் இருங்கள். அந்த மௌனத்தை நிரப்பத் தோன்றும், நிரப்ப வேண்டாம். அவர் அழுதாலும் ஏசினாலும் அவருக்கு நேரம் கொடுங்கள்.

ஆறுதல் என்றால் எங்களுக்குப் புத்திமதிதான் முதலில் வாயில் வரும். "கவலைப்படாதையுங்கோ" என்று தொடங்கி உடனே வழி சொல்லத் தொடங்கிவிடுவோம். ஆகவே வீட்டில் இப்படிப் பழகுங்கள்: யாராவது ஒரு கஷ்டத்தைச் சொன்னால் முதல் இரண்டு நிமிடம் ஒரு ஆலோசனையும் சொல்லாமல் கேள்வி மட்டும் கேளுங்கள். வைத்தியராக எனக்கு இன்றைக்கும் வேலை செய்யும் பழக்கம் இது.

பெரியவருக்கு மறுத்துச் சொல்வது

சில பரீட்சகர்கள் வேண்டுமென்றே எதிர்த்துப் பேசுவார்கள். பெரியவருக்கு எதிர்ப்பேச்சுப் பேசக் கூடாது என்று வளர்ந்த பிள்ளை அந்த இடத்தில் உடனே "நீங்கள் சொல்வதும் சரிதான்" என்று முழுதாக விட்டுக்கொடுத்துவிடும். பரீட்சகர் பார்ப்பது, ஒரு புது நியாயத்தை எடைபோட்டு எவ்வளவு தூரம் மனம் மாறுகிறீர்கள் என்பதை. "நீங்கள் சொன்ன அந்தக் கோணத்தை நான் யோசிக்கவில்லை. அதனால் இந்த அளவுக்கு என் கருத்தை மாற்றுகிறேன். ஆனால் இந்தக் காரணத்துக்காக மிச்சத்தில் நிற்கிறேன்" என்று சொல்லப் பழகுங்கள். மூத்த வைத்தியரின் பிழையைக் காணும் இளம் வைத்தியர் மரியாதையோடு வாய் திறந்தால்தான் நோயாளி தப்புவார். 2013இல் ரொபர்ட் பிரான்சிஸ் வெளியிட்ட அறிக்கையை அதற்காகவாவது வாசியுங்கள். ஸ்டஃபோர்ட் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் கவனிப்பாரற்றுக் கிடந்ததையும், குடும்பங்கள் எழுப்பிய குரல் கேட்கப்படாமல் போனதையும் அது ஆவணப்படுத்தியது.

இந்தப் பயிற்சிக்குச் சாப்பாட்டு மேசையே போதும். பிள்ளை உங்களோடு மாறுபட்டுப் பேசினால் "வாய் காட்டாதே" என்று அடக்காமல் "ஏன் அப்படி நினைக்கிறாய்?" என்று கேளுங்கள்.

மிச்சமுள்ளவை

என்.எச்.எஸ். 1948 ஜூலை 5இல், அனியூரின் பெவன் சுகாதார அமைச்சராக இருந்தபோது தொடங்கியது என்பதையும், தேவைப்படும் நேரத்தில் கட்டணமின்றி மருத்துவம் என்பதே அதன் அடிப்படை என்பதையும் தெரிந்திருங்கள். பொது மருத்துவ மன்றத்தின் நல்மருத்துவ நடைமுறைக் கையேடு, 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பதிப்பு, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். இப்போது பேசப்படும் சுகாதாரச் செய்தி ஒன்றை எடுத்து அதன் இரண்டு பக்கத்தையும் சொல்லப் பழகுங்கள்.

பயிற்சியை வாய்விட்டுச் செய்யுங்கள். மனசுக்குள் சொல்லிப் பார்ப்பது பயிற்சி ஆகாது. நேரம் வைத்து, வெவ்வேறு ஆட்களோடு கதையுங்கள். ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர், மருத்துவத்துக்குச் சம்பந்தமே இல்லாத மாமா என்று யாராகவும் இருக்கலாம். காசு கட்டும் வகுப்புக்கு வசதி இல்லையென்றால் கவலைப்பட வேண்டாம். இங்கே நான் சொன்ன எதற்கும் காசு தேவையில்லை. பதில்களை முழு வசனமாக எழுத வேண்டாம், இரண்டு மூன்று சொல் குறிப்புப் போதும். இணையவழித் தேர்வு என்றால் பெற்றோர் அந்த அறைக்குள் இருக்கவே கூடாது.

எல்லாம் சரியாகச் செய்தும் இடம் கிடைக்காமல் போகலாம். இடங்கள் குறைவு, நல்ல பிள்ளைகளும் திரும்பி வருகிறார்கள். மறு வருடம் விண்ணப்பித்துப் போனவர்கள் உண்டு. வேறு பட்டம் முடித்து நான்கு வருடப் பட்டதாரி வழியில் நுழைந்தவர்கள் உண்டு. அதை வீட்டுக்கு வந்த அவமானமாக நடத்தாதீர்கள். காதுகொடுத்துக் கேட்கவும், கெட்ட செய்தியை நேராகச் சொல்லவும், மரியாதையோடு மறுக்கவும் பழகிய பிள்ளை எந்தத் தொழிலுக்குப் போனாலும் அது கூடவே போகும்.

கடைசியாகப் பெற்றோருக்கு. இந்த வாரம் ஒரு நாள் பிள்ளையைக் கூப்பிட்டு, அம்மம்மாவோடு ஜீ.பி.யிடம் போன நாட்களைப் பற்றிக் கேளுங்கள். அந்த அறையில் எதைப் பார்த்தது, எதைச் சொல்லாமல் விட்டது, எதைத் தனியாகத் தாங்கியது என்று கேளுங்கள். திருத்தாதீர்கள், நடுவில் புகுந்து பேசாதீர்கள். சொல்லி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருங்கள். அது முடிந்த பிறகு என்னைக் கூப்பிடுங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.